அல்பேர்ட்டா பிரியுமுன் அக்காவுக்கு ஒரு இடுப்பு

எங்கள் தொகுதி எம்பியின் பெயரைக் கேட்டால் நான் முழிப்பேன். மெல்பேர்ணின் நோபல் பார்க்கில் இத்தனை வருடம் குடியிருந்தும், வாக்குச்சாவடி வாசலில் சுட்டு விற்கிற சொசேஜுக்காக வோட்டுப் போடப் போகிற ஆள் நான். ஆனால் கனடாவின் மேற்கே அல்பேர்ட்டா மாகாணத்தில் யார் எந்த அமைச்சர், ஆஸ்பத்திரி நிர்வாகத்தை எப்படியெல்லாம் துண்டு போட்டிருக்கிறார்கள், கனடாவை விட்டுப் பிரிய வாக்கெடுப்பு வேண்டும் என்று எந்த ஊர்ச் சந்தையில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தேத்தண்ணி ஆறுமுன் சொல்லி முடிப்பேன்.

எல்லாம் அக்காவின் இடுப்பால் வந்தது.

அக்கா அந்த அல்பேர்ட்டாவின் எட்மன்டனில் தனியே இருக்கிறாள். அத்தான் காலமாகிவிட்டார். மகன் ரொறன்ரோவில். அவளும் அத்தானும் சேர்ந்து வாங்கிய அந்த மாடிப்படி வைத்த சின்ன வீட்டை விட்டு அவள் அசையமாட்டாள். ஆனால் வலது இடுப்பு மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. புது மூட்டு வைக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். எப்போது என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை. வரிசை அப்படி நீளம். இடுப்பு வராவிட்டால் படி ஏறமுடியாது, படி ஏறாவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான். மகன் ரொறன்ரோவுக்கு வா என்கிறான். நான் மெல்பேர்ணுக்கு வா என்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்.

"ஒருக்கா வீட்டை விட்டிட்டு ஓடினது காணும், போதும். இனி என்னை ஆரும் எழுப்பேலாது."

கனடாவில் ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் பொறுப்பு. அதனால்தான் பிரிவினைச் செய்தி வந்ததும் நான் பயந்துபோனேன். மாகாணம் தனிநாடாகப் போய்விட்டால் அக்கா நிற்கிற வரிசை எந்த நாட்டு வரிசை? புது நாடு பிறந்தால் முதலில் கொடி தைப்பார்கள். பிறகு கீதத்துக்கு மெட்டுப் போடுவார்கள். பிறகு முத்திரையில் யாருடைய தலையைப் போடுவது என்று சண்டைபிடித்து அடிபடுவார்கள். இதற்குள் அக்காவின் இடுப்பு எப்போது வரும்?

நான் பயந்தால் அரைகுறையாகப் பயப்படுகிற ஆள் இல்லை. என்னுடைய காலை அவளுடைய நேற்றைய மத்தியானம். வேலைக்குப் போகுமுன் குசினியில் நின்றபடியே வீடியோவில் அழைத்தேன்.

"அக்கா, பாஸ்போட், வீட்டு உறுதிப் பத்திரம் எல்லாத்தையும் ஒரு பொலித்தீன் பையில போட்டு வை. காருக்கு எப்பவும் ஃபுல் டாங்க் அடிச்சு வை. அரிசி, பருப்பு, மெழுகுதிரி..."

"மெழுகுதிரி என்னத்துக்கு?"

"கரண்ட் நிண்டா?"

"டேய், வெளியில மைனஸ் முப்பது. கரண்ட் நிண்டா மெழுகுதிரியைப் பிடிச்சபடி விறைச்சுப்போய்க் கிடப்பன். ஆமிக்காரன் வாறானெண்டு நினைச்சியோ?"

"பிரிவினை எண்டா விளையாட்டே? எங்களுக்குத் தெரியாததே?"

"இஞ்ச பிரிவினைக்காரர் சனிக்கிழமையில மட்டும்தான் போராடுறவை. ஞாயிறு ஐஸ் ஹொக்கி."

பின்னால் பிட்டு அவித்துக்கொண்டிருந்த என் மனைவி ஃபோனுக்குள் தலையை நீட்டினாள். "மச்சாள், இவர் எங்கட கராஜுக்குள்ளயும் அரிசி மூட்டை அடுக்கிறார். அல்பேர்ட்டா பிரிஞ்சா நோபல் பார்க்கில பஞ்சம் வருமாம்."

அரிசி அந்தக் கிழமை மலிவாகப் போட்டிருந்தார்கள். அது வேறு விஷயம். ஆனால் யார் நம்புகிறார்கள்?

தமிழ்ப் பூசை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தார் உருகுகிற வெயிலில், தேவாலயத்துக் கார் நிறுத்துமிடத்தில் எங்கள் ஊர் அங்கிள் ஒருவர் என்னை மறித்தார். கொள்கைக்காரர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சேட்டு. இரண்டு முழங்காலையும் இங்கே அரச ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொண்டு, கதிரை தந்தாலும் இருக்காமல் நின்றபடியே அரசியல் பேசுகிறவர்.

"அப்ப, உன்ர அக்கா கையெழுத்துப் போட்டிட்டாவோ?"

"என்ன கையெழுத்து அங்கிள்?"

"தனிநாட்டு வாக்கெடுப்புக்குத்தான். ஒரு சனம் தனியப் போகப்போறன் எண்டு கேட்டா நாங்கள் குறுக்க நிக்கக்கூடாது. நாங்களே நிண்டா பிறகு எங்களை ஆர் நம்புவான்?"

"அவைக்கு நிலத்தில எடுக்கிற எண்ணெய்க் காசுப் பிரச்சினை அங்கிள். எங்களுக்கு இருந்தது உயிர்ப் பிரச்சினை."

"கொள்கை கொள்கைதான் தம்பி. ஆளைப் பாத்து மாத்தேலாது."

"அப்ப அக்காவின்ர இடுப்பு?"

"இடுப்பு ஒரு தற்காலிகப் பிரச்சினை."

மனிதர் சொன்னதில் பாதி நான் இத்தனை காலமும் சாப்பாட்டு மேசைகளில் தொண்டை கிழியக் கத்தியதுதான். வீட்டுக்கு ஓட்டிப்போகும்போது யோசித்தேன். அந்த ஊர்க்காரர் சந்தையில் ஒரு மேசை போடுகிறார்கள், பேனையை நீட்டுகிறார்கள். விருப்பமானவன் கையெழுத்து வைத்துவிட்டு உருளைக்கிழங்கு மூட்டையோடு வீட்டுக்குப் போய்ச் சேர்கிறான். விருப்பமில்லாதவனும் அதே உருளைக்கிழங்கோடு போய்ச் சேர்கிறான். ஒருவரையும் வெள்ளை வான் வண்டியில் கடத்திப்போவதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படிக் கேட்கவும் மறுக்கவும் ஒரு மேசை எங்களுக்கும் கிடைத்திருந்தால் நான் ஏன் நோபல் பார்க்கில் சிவப்பு விளக்கில் காத்து நிற்கிறேன்?

அந்த மேசை அடுத்த கிழமை அக்காவின் வீட்டுக்கே வந்தது. கொண்டுவந்தவர் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற லொறி மெக்கானிக். பனி கொட்டினால் தன் வாசலுக்கு முன் அக்காவின் வாசலைத் துப்புரவாக்குகிறவர். அவளை டொக்டரிடம் ஏற்றிப்போய் இறக்குகிறவரும் அவர்தான். அவர் ஒரு தீவிரப் பிரிவினைக்காரர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து கதிரையில இருந்தார்," என்றாள் அக்கா. "தேத்தண்ணி குடுத்தன். கையெழுத்துக் கேட்டார். மாட்டன் எண்டனான்."

"ஐயோ! முகத்துக்கு நேர சொன்னனியோ? யோசிச்சுச் சொல்லுறன் எண்டு இழுத்திருக்கலாமே! இனி வீட்டுக்கு அடையாளம் வைப்பாங்கள்."

"வைச்சுத்தான் கிடக்கு. நான் வழுக்கி விழாமலிருக்க வாசல் முழுக்க உப்புப் போட்டிட்டுப் போயிருக்கிறார்."

"என்ன கதைச்சனீங்கள்?"

"எங்கட காசு எங்களிட்ட நிண்டா நல்ல ஆஸ்பத்திரி கட்டலாமெண்டார். இப்ப இருக்கிற ஆஸ்பத்திரியை நடத்திறதும் இஞ்சத்த ஆக்கள்தானே, முதல்ல அதை ஒழுங்கா நடத்திக் காட்டுங்கோ, பிறகு நாட்டைப் பற்றிக் கதைப்பம் எண்டனான்."

"அதுக்கு அவர்?"

"இன்னொரு தேத்தண்ணி கேட்டார்."

நான் அன்றைக்கு டண்டினோங்கில் யன்னல் செய்கிற என் தொழிற்சாலையில் ஒரு குளியலறை யன்னலை வரவேற்பறை அளவுக்கு ஓர்டர் போட்டுவிட்டேன். மேலாளர் கேட்டார், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று. கனடா உடையப்போகிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அக்காவுக்குப் பின்னால் பதிந்த ஒரு பெண், அவளுடைய தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர், ஒப்பரேசன் முடிந்து நடக்கத் தொடங்கிவிட்டார். நான் கொதித்துப்போய் ஃபோன் எடுத்தேன்.

"உனக்குப் பிறகு பதிஞ்ச மனிசிக்கு எப்பிடி முதல்ல செய்தவங்கள்? இதுதான் அரசியல்!"

"பாவமடா, அந்த மனிசிக்குச் சரியான நோவு."

"உனக்கு?"

"சாடையா, கொஞ்சம்."

எனக்கு எங்கேயோ இடித்தது. "டொக்டர் கேக்கேக்க என்ன சொன்னனீ?"

"ஒண்டிலயிருந்து பத்துக்குள்ள நோ எவ்வளவெண்டு கேட்டவர். மூண்டெண்டனான்."

"மூண்டோ!"

"பின்ன? பத்தெண்டா செல்குண்டு பட்டுக் கால் போன ஆக்களுக்கெல்லோ. நான் கண்ணால கண்டனான். அதுக்குப் பக்கத்தில என்ர இடுப்பைக் கொண்டுபோய் வைச்சு எட்டு ஒம்பது எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது."

நான் குறுக்கு விசாரணையைத் தொடங்கினேன். என்ன உடுத்துக்கொண்டு போனாய்? மயில்நீலச் சீலை, மேலே கோட். ஊன்றி நடக்கிற கைப்பொல்லு? காருக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனாளாம், டொக்டருக்கு முன்னால் பொல்லோடு போவது மரியாதையில்லையாம். பரிசோதிக்கிற கட்டிலில் யார் ஏற்றிவிட்டது? தானே ஏறினாளாம்.

"கையில ஏதும் கொண்டுபோனனியோ?"

"நேர்ஸ்மாருக்குக் கொஞ்சம் பற்றிஸ், கிழங்கு வைச்சது."

"கொஞ்சமெண்டா?"

"எல்லாருக்கும் காணத்தான்."

"நிண்டு பொரிச்சதோ?"

"பின்ன, படுத்துக்கொண்டே பொரிக்கிறது?"

அந்த டொக்டரை நினைத்துப் பாருங்கள். பாவம். கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல ஒருத்தி மயில்நீலத்தில் சிரித்துக்கொண்டு வருகிறாள், காலையில் நின்று பொரித்த பற்றிஸை மேசையில் வைக்கிறாள், கட்டிலில் தானே ஏறுகிறாள், நோ மூன்று என்கிறாள், போகும்போது நன்றி சொல்லி அவருடைய பிள்ளைகளைச் சுகம் விசாரிக்கிறாள். நானாக இருந்தாலும் வரிசையின் கடைசியில்தான் போட்டிருப்பேன். மாதக்கணக்காக நான் அல்பேர்ட்டா அரசாங்கத்தையும் பிரிவினைக்காரரையும் கனடாவின் அரசியல் சட்டத்தையும் திட்டித் தீர்த்திருந்தேன். வரிசை இவ்வளவு நீண்டது அவர்கள் பிழைதான், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இவள் அந்த வரிசையைப் பந்தி என்று நினைத்து, நீங்கள் முதல்ல இருங்கோ, நீங்கள் முதல்ல இருங்கோ என்று எல்லோரையும் முன்னால் விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சிரிக்கவும் முடியவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின கிழமைதான் நானே என் டொக்டரிடம் போயிருந்தேன், கனடாவை நினைத்து நினைத்து வந்த நெஞ்செரிவுக்காக. எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, "குட், குட் டொக்டர், நீங்கள் எப்பிடி?" என்று தொடங்கி, அவருடைய வீட்டுத் திருத்தவேலைக்கு நல்ல யன்னல் எது என்று ஆலோசனை சொல்லி, ஒரு தடுப்பூசியோடு வெளியே வந்தேன். காருக்குள் இருந்த மனைவி, "நெஞ்செரிவைச் சொன்னனீங்களோ?" என்று கேட்டாள். "கதை அதுக்குள்ள வரேல்லை" என்றேன்.

என் தொல்லை தாங்காமல் அக்கா ஆஸ்பத்திரிக்கு மறுபடி அழைத்துக் கேட்டு, விடாமல் கேட்டு, மறுபரிசோதனைக்கு ஒரு நாள் வாங்கினாள். நான் வீடியோவில் ஒத்திகை வைத்தேன்.

"கதவால வா. நான்தான் டொக்டர். சிரிக்காத!"

"டொக்டரைக் கண்டா சிரிக்காம?"

"ஹௌ ஆர் யூ?"

"ஃபைன், தாங்க் யூ, டொக்டர்."

"ஃபைன் இல்லை அக்கா! ஃபைன் எண்டா வீட்டை அனுப்பிப்போடுவான்!"

"கேட்டா வேற என்னத்தைச் சொல்லுறது? பழக்கமில்லாத ஆளிட்டப் போய் ஒப்பாரி வைக்கிறதே?"

பக்கத்தால் போன என் மகள் நின்று, "டாட், யூ ஆர் டீச்சிங் மாமி டு லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. முகம் சிவந்தது. "பிள்ளை சொல்லுறது சரி. எனக்கு நடிக்கத் தெரியாது. நான் நடிக்கமாட்டன்."

"இவ்வளவு நாளும் நடிச்சது காணும்," என்றேன். "அதை நிப்பாட்டு. அவ்வளவுதான் கேக்கிறன்."

பகிடியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "சரி, ஃபோனை வை," என்று மட்டும் சொன்னாள்.

மறுபரிசோதனை நாள் எனக்குக் காலை. வேலை தொடங்குமுன் சாப்பாட்டு அறையில் தனியே இருந்தேன். டொக்டரிடம் அனுமதி கேட்டு என்னையும் ஃபோனில் வைத்திருந்தாள். "நீ வாயைத் திறந்தா உடன வெட்டிப்போடுவன்" என்று முதலே எச்சரிக்கை. ஃபோனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டதால் எனக்குத் தெரிந்தது கூரையும் ஒரு விளக்கும் மட்டும். பொல்லு தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. சீலை இல்லை, பற்றிஸ் இல்லை என்று எனக்கு முன்பே அறிக்கை வந்திருந்தது.

டொக்டர் நோவின் அளவைக் கேட்டார்.

"எட்டு," என்றாள்.

பிறகு தன்னுடைய ஆங்கிலத்தில், அவசரப்படாமல் சொன்னாள். முதல் பனி விழுந்த காலத்திலிருந்து அவள் மேல்மாடியில் படுக்கவில்லை. கீழே சோபாவில்தான் படுக்கை. குளியலறை மேலே. குழந்தைப்பிள்ளை போலக் கையையும் ஊன்றித் தவழ்ந்து ஏறி, குளித்துவிட்டு, ஒவ்வொரு படியாக இருந்து இருந்து இறங்குகிறாள். அன்றைக்கு அந்தப் பற்றிஸைப் பொரித்தபோது ஒரு கையால் பாத்திரம் கழுவுகிற சிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். மகன் வீடியோவில் வரும்போது மட்டும் எழுந்து நின்று கதைப்பாளாம்.

எனக்கும் அவள் அப்படித்தான் நின்று கதைத்திருக்கிறாள். ஒருநாளும் நான் கவனிக்கவில்லை. நான் அமைச்சர்மாரைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"என்னைவிட நோ கூடின ஆளுக்கு முன்னால என்னைப் போடச் சொல்லிக் கேக்கேல்லை," என்று முடித்தாள். "நான் உண்மையா நிக்கிற இடத்தில என்னைப் போடுங்கோ."

டொக்டர் சில கேள்விகள் கேட்டார். பிறகு, வரிசையில் அவளுடைய இடம் முன்னுக்கு வருகிறது என்றும், திகதி இப்போது சொல்ல முடியாது, ஆனால் பனி கரைகிற காலத்துக்குள் செய்யப் பார்ப்போம் என்றும் சொன்னார். என்னோடு வேலை செய்கிற வியட்நாம்காரர் சாப்பாட்டு அறைக்குள் வந்து, என் கண்ணைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, ஒரு மண்டரின் பழத்தை உரித்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்கு ஏற்றிப்போகும் வழியில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நடந்தது என்று கேட்க, அவள் படியில் தவழ்வதை அவருக்கும் சொல்லியிருக்கிறாள். இறக்கிவிடும்போது மனிதர், தங்களுடைய ஆட்கள் ஊர் மண்டபத்தில் கூட்டம் வைக்கிறார்கள், வந்து இதைச் சொல்லுங்கள் என்றாராம்.

"போகாத!" என்று நான் கத்தினேன். "கூட்டம் கீட்டம் ஒண்டும் வேண்டாம். ஃபோட்டோ எடுப்பாங்கள். பெயரைக் குறிப்பாங்கள்."

"எடுக்கட்டும். நல்ல சீலை ஒண்டு உடுத்துக்கொண்டு போறன்."

போனாள். முன்வரிசையில் இருந்தாள். மயில்நீலம், கையில் பொல்லு. எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவளுடைய கைப்பைக்குள் கிடந்த ஃபோன் வழியாகக் கேட்டேன். ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரரேதான்.

"நான் பிரியிறதுக்கு எதிர்," என்று தொடங்கினாள். மண்டபம் முணுமுணுத்தது. "நீங்கள் பிரிஞ்சாலும் சரி, பிரியாட்டிலும் சரி, நான் என்ர வீட்டிலதான் இருப்பன். எனக்கு இடுப்பு எப்ப?"

பின்னாலிருந்து ஒருவன், வந்த இடத்துக்கே போய்க் கேள் என்கிற மாதிரி ஏதோ சொன்னான். ஒளிந்துகொள்ள நான் மேசைக்கடியைப் பார்த்தேன். மெல்பேர்ணில் இருந்துகொண்டு.

அக்காவின் குரல் உயரவே இல்லை. "நான் வந்த இடத்தில நாட்டைப் பிரிக்கிற கதை நடந்தது. அது என்னெண்டு இதுக்குள்ள இருக்கிற எல்லாரையும்விட எனக்குத் தெரியும். அதாலதான் கேக்கிறன். புது நாட்டின்ர முதல் நாள் காலமை ஆஸ்பத்திரி திறக்குமோ? ஆர் திறக்கிறது? திறப்புச் சாவி ஆரிட்ட?"

மேடையில் இருந்தவர் எண்ணெய் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அக்கா கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டாள். அவர் வரி பற்றிச் சொன்னார். அவள் அப்போதும் நின்றாள். அப்போது வேறொரு கிழவியின் குரல் கேட்டது, என்னுடைய முழங்காலுக்கும் பதில் சொல்லு என்று. அதற்குப் பிறகு யாரோ ஒருவருடைய கண், இன்னொருவரின் மனைவிக்குக் குடும்ப டொக்டரே இல்லாத கதை. தனிநாட்டுக்கென்று கூட்டிய கூட்டத்தில் அதற்குமேல் நாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் சாப்பாட்டு நேரம் முடிந்து மணியடித்தபோதும் அங்கே சத்தம் ஓயவில்லை.

இப்போது அவளுக்குத் திகதி வந்துவிட்டது. நான் லீவு போட்டுவிட்டேன். குளிர்ச் சப்பாத்து, குளிர்க் கோட், கம்பளிக் கையுறை எல்லாம் மெல்பேர்ண் வெயிலில் வாங்கி வைத்திருக்கிறேன். நேற்று அவள் நிபந்தனைகளை அறிவித்தாள். சமையல் நான். செய்தி பார்க்கிறதென்றால் காதில் மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். தன்னைக் கேட்காமல் தன் அரிசியை மூட்டையாக வாங்கக்கூடாது.

"இன்னொண்டு," என்றாள். "பக்கத்து வீட்டு மனுசனோட அரசியல் கதைக்காத. அவர்தான் என்னை ஏத்தி இறக்கப்போறவர்."

"ஒரு சொல்லுக்கூடவோ? அவருக்குச் சொல்லவேண்டியது எனக்கு நிறையக் கிடக்கு அக்கா."

"நான் நடக்கத் தொடங்குமட்டும் வாயைப் பொத்திக்கொண்டிரு."

"பிறகு?"

"பிறகு ரெண்டு பேரும் வெளியில பனிக்குள்ள போய் நிண்டு விருப்பத்துக்கு அடிபடுங்கோ. நான் மேல் மாடி யன்னலால நிண்டு பாப்பன்."